தள்ளாட்டம்

ஏரியைத் தாண்டி வந்த படகிலிருந்து இறங்கிய தருமன், மணலில் நாலு எட்டு வைப்பதற்குள் இரண்டு முறை தள்ளாடினான். அடுத்த எட்டில், கருவாடு காயப்போட்டிருந்த வலையின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டான். உச்சி வெயிலில், நல்ல நாளும் அதுவுமாக, பெண்ணைப் பெற்றவன் செய்கிற காரியமா இது?

வலைக்குச் சொந்தக்காரி அவனை எழுப்பி நிறுத்தி, இன்றைக்குக் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்டாள். தருமன் வழக்கம்போல ஈயென்று சிரித்துவைத்தான்.

சர்க்கார் சாராயக் கடை திறந்ததிலிருந்து அந்தக் குப்பத்தில் தள்ளாடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. தருமன் மட்டும் உள்ளூர்க் கடையை மதிக்காமல் பொன்னேரிக்கு பஸ் ஏறிப் போய்க் குடித்துவிட்டு வருகிறான் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. அவன் போனது பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு. அவனுக்கு டி.பி.

போன வருஷம் ஊசி போட ஆரம்பித்தார்கள். இருமல் அடங்கியது. ஆனால் காதுக்குள் ஓயாமல் வண்டு இரைந்தது, நின்றால் தலை சுற்றியது. கட்டுமரத்திலேயே வளர்ந்தவன், அலையே இல்லாத ஒரு காலையில் தொபுக்கென்று கடலில் விழுந்தான்.

கட்டுமரத்தில் தூக்கிப் போட்டவர்கள், குடித்துவிட்டா கடலுக்கு வருகிறாய் என்று திட்டினார்கள். தருமன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். குடிகாரன் வீட்டில் பெண் எடுப்பார்கள், டி.பி.க்காரன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அவன் மகள் காந்தா கல்யாண வயசில் நின்றாள்.

அன்றோடு ஊசிக்குப் போவதை நிறுத்தினான். மழைக்காலம் வந்தது, கூடவே நோயும் திரும்பி வந்தது. எச்சிலில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் கூனிக் குறுகி மறுபடியும் பஸ் ஏறினான். தலை சுற்றினால் சொல்லித் தொலைப்பதற்கென்ன, பாதியில் விட்டால் நோய் சும்மா இருக்குமா என்று டாக்டர் நாலு பேர் முன்னால் காய்ச்சி எடுத்துவிட்டு, ஊசிக்குப் பதிலாக மாத்திரைகளைக் கொடுத்தார்.

இன்று எக்ஸ்ரேயைப் பார்த்தவர் முதல் தடவையாகச் சிரித்தார். சளியில் கிருமி இல்லை, தேறிவிட்டாய், இந்த முறையாவது மாத்திரையைக் கடைசிவரை முழுங்கு என்றார். ஊசியால் வந்த தள்ளாட்டம் மட்டும் மெல்லத்தான் போகுமாம்.

இவ்வளவையும் தருமன் தன் பெண்சாதி பவுனம்மாளிடமிருந்து மறைத்துவிட்டான். அவளோ வாசலிலேயே அவனை நிறுத்தி, குடிகாரா என்று ஊர் கேட்க ஏசுவாள். உள்ளே வந்துவிட்டால் ஒரு வார்த்தை இருக்காது. வேகவைத்த முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். குடிகாரனோடு என்ன பேச்சு என்று வெறுத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து நினைத்து அவன் கூசிப்போவான்.

இன்று அதே வாசலில் ஆரம்பாக்கத்து நீலமேகமும் அவர் மனைவியும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மகனுக்குக் காந்தாவைப் பேசி முடிக்க வந்தவர்கள்.

தருமன் கும்பிட்டான். கும்பிட்ட கையோடு இருமல் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், அது அடங்குவதாக இல்லை. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நீலமேகத்தின் மனைவி கையை நிறுத்தி அவனையே பார்த்தாள்.

பவுனம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"பாவி மனுசா, இன்னிக்குமா ஊத்திக்கினு வந்தே? பொண்ணு கேக்க வந்தவங்க முன்னால என் மானத்த வாங்குறியே."

தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கம்பக்கம் கூடிவிட்டது. தருமனின் மானம் கப்பலேறியது. நைனாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போக வந்த காந்தாவின் முகத்தை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நீலமேகம்தான் சமாதானம் செய்தார்.

"வுடு தங்கச்சி. குடிக்காத ஆம்பள எந்தக் குப்பத்துல கீறான்? சனிக்கெழம வந்தா நானே…" என்றவர், மனைவி முறைத்ததும் மிச்சத்தை முழுங்கிக்கொண்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தட்டு மாற்றினார்கள், தை மாசத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அவர்கள் படகேறிப் போன பிறகும் தருமன் மூலையிலேயே உட்கார்ந்திருந்தான். கல்யாணம் கூடிவந்தும் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு பாவமும் அறியாத பவுனம்மாளைக் குடிகாரன் பெண்டாட்டி என்று ஊர் சிரிக்க வைத்தாயிற்று, இன்று சம்பந்தி முன்னால் அழவும் வைத்தாயிற்று. நோயைவிட அதுதான் அவன் நெஞ்சை அரித்தது.

"பவுனு," என்றான். "நான் ஒரு சொட்டு குடிச்சதில்ல. எனக்கு டி.பி. வந்துச்சு. ஊசி ஒத்துக்கலன்னு பாதியில வுட்டேன். இப்பதான் தேறிக்கினு வர்றேன். உன் கையில சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பவுனம்மாள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தணித்துச் சொன்னாள்:

"தெரிஞ்சுதான்யா இத்தினி நாளா கத்துனேன்."