டம்ளரில் பிடித்த தண்ணீர்

பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்தபோது சித்திரவேல் படகை விற்றான், எஞ்சினை விற்கவில்லை. அது வாடகை வீட்டுப் பரணில் படுத்தே கிடந்தது. மனைவி வனமயில் நச்சரித்து நச்சரித்து, இன்றுதான் வாங்க ஒருவர் வருகிறார். காலையில் அதை இறக்கிச் சுவரோரம் நிறுத்தினான். மத்தியானம் தரையில் ஈரம்.

"ஒழுகுற எஞ்சினத்தான் இத்தன நாளா கட்டிக் காத்தீங்களா?" என்று வனமயில் துடைத்தாள். மறுபடி ஒழுகியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, உப்புக் கரிக்குது."

எஞ்சினின் அடியில் எண்ணெய் வடிக்கும் திருகில் வாஷர் தேய்ந்திருந்தது. நாகப்பட்டினத்தில் கடைசியாகக் கடலுக்குப் போன அன்று அந்த வழியாகத்தான் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். சித்திரவேல் திருகைக் கழற்றினான். எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் வந்தது. படகேறும்போது செய்வதுபோல அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வனமயில் ஓடிப்போய் டம்ளர் கொண்டுவந்து பிடித்தாள். கறுப்பாக எண்ணெய் இறங்கத் தொடங்கியதும் விலக்கிக்கொண்டாள். அவன் புது எண்ணெய் நிரப்பி, புது வாஷர் போட்டுத் திருகை இறுக்கினான்.

சாயங்காலம் வந்தவர் அணையில் படகு விடுகிறவர்.

"லீக்கு ஏதும் இல்லீங்களே?"

"இனிமே ஒரு சொட்டு உள்ள போவாதுங்க."

எஞ்சினை வண்டியில் ஏற்றிவிட்டு வியர்வையோடு திரும்பியவர், ஜன்னலில் இருந்த டம்ளருக்குக் கை நீட்டினார். வனமயில் பாய்ந்து எடுத்துக்கொண்டாள்.

"வேற தர்றேங்க. இது எங்க ஊருத் தண்ணி."