எல்லைக்கல் அம்மன்

அபயாம்பாள் மாமியை இந்த வாரத்தோடு நிறுத்திவிட வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டாள் ஸ்ரீலேகா.

மும்பை மாட்டுங்காக்காரர்களை ஞாயிறுதோறும் பன்வேலுக்கு அப்பால் அழைத்துப்போய் நடக்கவைப்பவள் அவள். ஒரு ஏரி, அதைத் தாண்டினால் காடு, காட்டுக்குள் கொஞ்சம் மேடேறினால் இடிந்த காவல் கோபுரம். ‘முட்டிக்கு நோகாத சரித்திர நடை’ என்று வாட்ஸாப்பில் விளம்பரம் செய்திருந்தாள்.

முட்டியில் இருந்த அக்கறை யாருக்கும் சரித்திரத்தில் இல்லை. ஏரிக்கரையிலேயே இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். யார் பிள்ளைக்கு கிரீன் கார்டு வந்தது என்று பேசுவார்கள். திரும்பிவிடுவார்கள்.

கோபுரத்தடியில் ஒரு கல்லின் மேல் குங்குமம் முளைத்தபிறகுதான் எல்லாம் மாறியது.

முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டவள் அபயாம்பாள் மாமி. அடுத்த வாரம் பாகீரதி மாமி செம்பருத்தி கொண்டுவந்தாள். அதற்கடுத்த வாரம் யாரோ ‘வனதுர்க்கை’ என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். பாதியில் திரும்பிய கூட்டம் மொத்தமும் இப்போது மூச்சிரைக்க மேடேறியது.

வனக்காவலர் சிராஜுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

“மேடம், இன்னிக்குக் குங்குமம். நாளைக்குக் கூரை. அப்புறம் உண்டியல். எத்தனை இடத்துல பார்த்திருக்கேன்!” என்றார் இந்தியில். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பேன். கல்லுல பொட்டு இருந்தா ராஸ்தா பந்த்.”

துபாயில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டுத் திரும்பிய ஸ்ரீலேகாவுக்கு, நாலு மனிதர்களோடு ஒட்டிக்கொள்ள இருந்தது இந்த நடை ஒன்றுதான். அதுவும் போனால் மறுபடி ஃபிளாட், டிவி, நாலு சுவர்.

குங்குமம் பூசியது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மாமியின் கைப்பையில் குங்கும டப்பா எப்போதும் இருக்கும்.

ரயிலிலேயே மாமியின் கணவர் வெங்கடேஸ்வரன் ஆரம்பித்துவிட்டார்.

“அது வெள்ளைக்காரன் நட்ட எல்லைக்கல். காடு இங்கே ஆரம்பிக்கறதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். அதைப் போய்ச் சுத்திச் சுத்தி வராளே! நான் இவளுக்குத் துணைக்கு வரேனே தவிர, இந்தக் கூத்துக்கு வரலை, கேட்டியோ?”

“மாமா, மெதுவா...” என்றாள் ஸ்ரீலேகா.

“என்ன மெதுவா? அணுவைப் பொளந்த ஆபீஸ்ல இருந்தவன் ஆத்துல இப்படியொரு மூட நம்பிக்கை!”

“நீங்க எங்கே பொளந்தேள்? ஸ்டோர்ஸ்ல ஸ்க்ரூ எடுத்துக் குடுத்திண்டிருந்தேள்,” என்றாள் மாமி, ஜன்னலைப் பார்த்தபடி.

பெட்டியே சிரித்தது.

ஏரிக்கரையில் இட்லிப் பொட்டலங்கள் பிரிந்ததும், ஸ்ரீலேகா ஒரு தண்ணீர் பாட்டிலும் பழைய துணியுமாக நழுவினாள். கல்லைத் துடைத்துவிட வேண்டும். அதே கையோடு, மாமியைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் வராதீர்கள் என்று சொல்லிவிட வேண்டும்.

கோபுரத்தடிக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார் வெங்கடேஸ்வரன். ஒரு கையில் குங்கும டப்பா. இன்னொரு கையில் மோதிர விரல் மட்டும் சிவப்பு.

“மாமா! நீங்களா?”

“கத்தாதே!” டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். “அவளுக்குச் சுகர் முந்நூறைத் தாண்டியாச்சு. நடடீன்னா எதுக்குங்கறா. சாமி இருக்குன்னா எதுக்குன்னு கேக்க மாட்டா. மேலே எவனோ கல்லுக்குப் பொட்டு வெச்சிருக்கான் முட்டாள்னு ஒரு நாள் திட்டினேன். அவ்வளவுதான், செருப்பைக் கழட்டிட்டு ஏற ஆரம்பிச்சுட்டா.”

“பாதையை மூடிடுவா மாமா.”

“சிராஜ் சாயங்காலம்தானே வருவான்? எல்லாரும் இறங்கினதும் நானே வந்து துடைச்சுடறேன். அடுத்த வாரம் எல்லாருக்கும் முன்னாடி ஏறி மறுபடி வெச்சுக்கறேன்.” டப்பாவை அழுத்தி மூடினார். “அவகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா.”

ஸ்ரீலேகா துணியையும் பாட்டிலையும் அவர் கையில் கொடுத்தாள்.

கூட்டம் வந்தது. செம்பருத்தி வந்தது. அபயாம்பாள் மாமி கண்ணை மூடி, உதடு முணுமுணுக்க, கல்லையும் கோபுரத்தையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஓரமாக நின்ற மாமா, “காட்டுமிராண்டித்தனம்!” என்று எல்லோர் காதிலும் விழும்படி தலையில் அடித்துக்கொண்டார்.

ஏரிக்கரை வரை இறங்கியாயிற்று. மாமா சட்டென்று நின்றார்.

“கண்ணாடியை மேலேயே விட்டுட்டேன். நீங்கள்லாம் உட்காருங்கோ, இதோ வந்துடறேன்.”

கண்ணாடி அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் கவனிப்பதற்குள் மேட்டில் ஏற ஆரம்பித்துவிட்டார்.

ஸ்ரீலேகாவுக்கு மாமியின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இவ்வளவு நம்பிக்கையாகக் கும்பிடுகிற மனுஷியை இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏமாற்றுகிறோமே!

“வனதுர்க்கை உங்களுக்கு நல்லது பண்ணுவா மாமி,” என்றாள், என்ன சொல்வதென்று தெரியாமல்.

“எந்த துர்க்கை? அந்த எல்லைக்கல்லா?” மாமி சிரித்தாள். “என் டப்பாவுல குங்குமம் குறையறது எனக்குத் தெரியாதாக்கும்?”

“மாமி! அப்போ... கும்பிட்டதெல்லாம்?”

மாமி மேட்டைப் பார்த்தாள். மரங்களுக்கு நடுவே வெங்கடேஸ்வரனின் வெள்ளைச் சட்டை விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது.

“பைபாஸ் ஆனவர், தினம் நடக்கணும்னு டாக்டர் சொன்னார். பிள்ளை சொன்னான். நானும் சொல்லிப் பார்த்தேன். ஊஹூம்! என்னை ஏமாத்தறதுன்னாத்தான் இந்த மனுஷன் இப்படி நடக்கறார்.”