கடைசித் தவளை

"உங்களை யார் டாக்டர் பாடச் சொன்னது?"

திரை இறங்கியதும் இறங்காததுமாக மாஸ்டர் எகிறினார்.

பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். சேர்ந்திசைக் குழு மொத்தமும் சுற்றி நின்றது.

ஊர் ஏரியைத் தூர்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், மாஸ்டர் உயிரைக் கொடுத்து அமைத்த பாட்டு அது. ஆளுக்கொரு ஜீவன். தபால்காரர் கொக்கு, வக்கீலம்மா மீன்கொத்தி, மாஸ்டரின் மனைவி சில்வண்டு, டாக்டர் தவளை. எல்லோரும் கூடிப் பாடும்போதே ஒவ்வொரு குரலாக ஓய்ந்துபோகும். கடைசியில் தவளையும் நின்றுவிடும். அப்புறம் நிசப்தம். அதோடு திரை.

"அந்த நிசப்தம்தான்யா பாட்டே! ஜனங்க அதைச் சுமந்துக்கிட்டு வீட்டுக்குப் போகணும்" என்று ஒத்திகைக்கு ஒத்திகை தொண்டை வறளச் சொல்லியிருந்தார்.

இன்று கொக்கு ஓய்ந்தது. மீன்கொத்தி ஓய்ந்தது. சில்வண்டும் அடங்கியது. மாஸ்டர் கையை மடக்கி சைகை காட்டினார். தவளை நிற்கவில்லை. கண்ணை உருட்டினார், பல்லைக் கடித்தார். அது பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் திரையை இறக்கச் சொன்னார். அரங்கில் ஒரே சிரிப்பு, கைதட்டல்.

"என் பாட்டைக் கேலிக்கூத்தாக்கிட்டீங்களே!"

"தப்புதான் மாஸ்டர்."

"தனியாக் கைதட்டல் வாங்கணும்னு ஆசையா?"

"விடுங்களேன், பாவம்" என்று மனைவி குறுக்கே வந்தாள்.

"நீ சும்மா இரு. இனிமே இவர் குழுவுக்கே வரவேண்டாம்!"

டாக்டர் மெல்ல நிமிர்ந்தார்.

"வரலை மாஸ்டர். ஆனா, நீங்க எங்களைப் பார்த்து நிக்கிறீங்க. நாங்க ஜனங்களைப் பார்த்து நிக்கிறோம். முன்வரிசையில ஒரு சின்னப் பொண்ணு உட்கார்ந்திருந்தா. நாலு விரலை நீட்டி வச்சுக்கிட்டு, ஒவ்வொரு குரல் நின்னப்பவும் ஒரு விரலை மடக்கிக்கிட்டே வந்தா. என் முறை வந்தப்போ ஒரே ஒரு விரல்தான் பாக்கி. அதை இன்னொரு கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வேண்டாம் வேண்டாம்னு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுறா. நான் எப்படி மாஸ்டர் நிறுத்துவேன்?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"அடுத்த கச்சேரியில நீயும் நிறுத்தாதே."