நான் மூடினதைத் திறக்காதே

"ஜுமானா, அந்தப் பெட்டிய இங்கன வை."

வைத்தாள். ஆனால் அதற்குள் கிளிப்பைக் கழற்றித் திறந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்காள்மடத்தில் கடலுக்கடியில் படம் எடுக்கிறவர்களுக்குக் கேமரா வாடகைக்கு விடுகிற கடை என்னுடையது. தண்ணீர் புகாமல் கேமராவைப் போட்டு மூடுகிற பெட்டிக்கு ஹவுசிங் என்று பெயர். அதன் வாயில் ஒரு ரப்பர் வளையம். அதில் ஒரு மணல்துகள் ஒட்டினால் போதும், இருபது அடி ஆழத்தில் கேமரா காலி.

அதனால் கடையில் ஒரே சட்டம். கழுவுவது, துடைப்பது, வளையத்துக்கு கிரீஸ் தடவுவது எல்லாம் ஜுமானா. பேட்டரி போட்டு மூடுவது நான். நான் மூடியதை ஒருத்தரும் திறக்கக் கூடாது.

இவள் திறக்கிறாள். எட்டு மாசமாக இதே கூத்து. நான் போன் பேசத் திரும்பினால் போதும், கிளிப் சத்தம் கேட்கும்.

"எதுக்கும்மா திறந்த?"

"கிரீஸ் சரியா பிடிச்சிருக்கான்னு பாத்தேண்ணே."

"நேத்து?"

"நேத்து கார்டு போட்டோமான்னு..."

"முந்தாநாள் லென்ஸ் மூடி. உனக்கு நாளுக்கொரு சாக்கு. பதினோரு வருஷமா மூடிக்கிட்டிருக்கேன், எனக்கு மூடத் தெரியாதா?"

படகோட்டி சுஐபு குறுக்கே வந்தார். "விடுங்க மொதலாளி, நல்லா வேலை பாக்குற பிள்ளை."

"நீங்க சும்மா இருங்க. என் கடையில எனக்கே பரீட்சை வைக்கிறா. ஜுமானா, நீ நாளையிலயிருந்து வர வேண்டாம். இப்பவே கிளம்பு."

அவள் முகம் செத்துப்போனது.

"அண்ணே, இந்த வேலை போச்சுன்னா வீட்ல திரும்ப மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருவாங்க. வேலைக்குப் போறதைக் காட்டித்தான் ரெண்டு வருஷம் தவணை வாங்கியிருக்கேன்."

"அதைத் திறக்குறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

"சரிண்ணே, போறேன். இதை மட்டும் ஒருவாட்டி பாத்துக் குடுத்துட்டு..."

என்ன திமிர் பாருங்கள். பிடுங்கி, படக்கென்று மூடி, சுஐபு கையில் கொடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

அன்றைக்குக் கேமராவை வாடகைக்கு எடுத்தது சிநேகா. கடல்புல் ஆராய்ச்சி செய்கிற பெண். ஒரு மணி நேரத்தில் படகு திரும்பி வந்தது.

"அண்ணே, உள்ள தண்ணி."

ஹவுசிங்குக்குள் அரை டம்ளர் கடல். கேமரா மூச்சு விடவில்லை.

"பாத்தீங்களா? அவ திறந்த வேலை இது," என்று கத்தினேன்.

"கடைசியா மூடினது நீங்கதான மொதலாளி," என்றார் சுஐபு மெதுவாக.

சிநேகா கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, ரப்பர் வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நகத்தால் எதையோ தூக்கினாள்.

"முடிண்ணே. இது குறுக்க கிடந்ததாலதான் தண்ணி ஏறியிருக்கு."

"அப்பவே நெனச்சேன். பொம்பளப் பிள்ளைய வேலைக்கு வச்சா இதான்."

"இது ஒரு விரல்கடை கூட இல்லையேண்ணே. அந்த அக்கா தலையில எப்பவும் துணி சுத்தித்தான இருப்பாங்க." கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். "மேல கறுப்பு. அடியில மட்டும் வெள்ளை."

சுஐபு கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சிநேகா என் தலையைப் பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கடைக்குப் பின்னால் போய் ஜுமானாவுக்கு போன் போட்டேன்.

"நாளைக்கு எப்பவும் போல வந்துரும்மா."

"சரிண்ணே."

"பெட்டிக்குள்ள முடி விழுறது... உனக்குத் தெரியுமா?"

"பேட்டரி போடக் குனியிறப்ப விழும்ணே. தினமும் ஒண்ணு ரெண்டு எடுத்துப் போட்டுட்டு மூடிருவேன்."

"கிறுக்குப் பிள்ளையா நீ? வேலையே போச்சுன்னு சொன்னப்பக்கூட வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சுஐபு காக்கா பக்கத்துல நின்னாங்கண்ணே. நீங்க டை அடிக்கிறது எங்க யாருக்கும் தெரியாதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கீங்க."