பத்து நாற்பத்திரண்டு

“சாட்டிலைட்டுக்கு இருக்கிற மரியாதை பெத்த பொண்ணுக்கு இல்லையாப்பா?”

மகள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

“கத்தாத. நான் வேணும்னேவா செய்யறேன்? அது வர்ற நேரம் பத்து நாற்பத்திரண்டு. எனக்காக ஒரு நிமிஷம் நிக்குமா?”

“என் கல்யாணம் பத்தரைக்கு. அதுவும் நிக்காது.”

“வேற தேதியே கிடைக்கலையா உனக்கு?”

“ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அதைத்தான் குடுத்தாங்க. வர முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் எதிர்பார்க்காம இருந்துக்கறேன்.”

அப்பாவை எல்லோரும் ஆகாயக்காரர் என்பார்கள். தெரு அவருக்கு வைத்த பெயர் அது. இந்த ஊர்க் காற்றில் இவ்வளவு புகை, இவ்வளவு தூசி என்று செயற்கைக்கோள் மேலிருந்தபடியே அளந்து சொல்லும். அது சொல்வது நிஜமா, புளுகா? அது தலைக்கு மேல் கடக்கிற அதே நிமிடத்தில், கருவிகளைத் திணித்த சின்ன விமானத்தில் அதற்கு நேர் கீழே பறந்து, அதே காற்றைப் பிடித்துச் சரிபார்ப்பது இவர் வேலை. பதினாறு நாளைக்கு ஒருதரம். நேரம் பிசகினால் போன போக்கே வீண். அந்தச் செயற்கைக்கோளுக்குத் தெருப் பெண்கள் ‘மேல்வீட்டுக்காரி’ என்று பெயர் சூட்டி வெகுநாளாகிறது.

மேல்வீட்டுக்காரி வருகிற தேதிகள் வருஷம் முழுமைக்கும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனதடவை வந்தபோது அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். ‘நம்ம வேலையிலயும் பொண்ணுக்கு அக்கறை வந்துடுச்சே’ என்று மனுஷன் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார்.

சம்பந்தி வீட்டாரை அவர் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. “கல்யாணத்துல பார்த்துக்கலாம்ப்பா” என்று மகள் சொன்னதும் சரி என்று விட்டுவிட்டார். வேறு அப்பனாக இருந்தால் அன்றைக்கே வண்டி ஏறியிருப்பான்.

“அம்மா போனப்பவும் நீங்க மேலதான் இருந்தீங்க.” மகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “ஆஸ்பத்திரியிலேர்ந்து எத்தனை போன்! எட்டு வருஷம் ஆச்சு. நீங்க இன்னும் இறங்கலை.”

“வர முடியாதும்மா” என்றார், தரையைப் பார்த்து.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அழுவாள் என்று காத்திருந்த எதிர்ஜன்னலுக்குத்தான் ஏமாற்றம். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

‘இன்னும் இறங்கலை’ என்று அவள் சொன்னது அவரை விடவில்லை. பறக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், விமானத்தில் தன் இருக்கையை ஆபீஸ் ஜூனியருக்கு விட்டுக்கொடுத்தார்.

“உடம்பு சரியில்லையா சார்?”

“அதெல்லாம் இல்லப்பா. நாளைக்கு ஒருநாள் தரையில இருக்கணும்.”

காலை முதல் பஸ்ஸைப் பிடித்தார். இஸ்திரி போட்ட சட்டை; பையில் மனைவியின் கைக்கடிகாரம். மகளிடம் மூச்சு விடவில்லை. திடீரென்று போய் நின்றால் அவள் என்ன சொல்வாள், தான் என்ன சொல்வது என்று நாலு மணி நேரமும் ஒத்திகை. மேகமே இல்லாத வானம், பறக்கத் தோதான வானம். ஒருதரம்கூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரிஜிஸ்டர் ஆபீஸ் வராந்தா பெஞ்சில் பூங்கொத்தும் கையுமாக ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“பத்தரைக் கல்யாணமா? நான் மாப்பிள்ளைக்கு அம்மா. வாங்க, வாங்க! பொண்ணு பக்கம் ஒருத்தராவது வந்தீங்களே. பாவம், உள்ள தனிமரமா நிக்குது.”

“அவங்க அப்பா...” என்று ஆரம்பித்தார்.

“அதை ஏன் கேக்கறீங்க! முதல்தரம் எங்க வீட்டுக்கு வந்தப்பவே சொல்லி அழுதுச்சு. ஏதோ ஆராய்ச்சி விமானமாமே? எட்டு வருஷத்துக்கு முன்னாடி மேல போன மனுஷன் திரும்பவே இல்லையாம். உடம்புகூடக் கிடைக்கலையாம்.” அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க அவருக்கு என்ன வேணும்?”

உள்ளேயிருந்து மகள் வந்து, பேனாவைப் பிடித்த கையோடு கதவருகே அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமில்லை. ஃபிரிட்ஜ் கதவின் முன்னால் அவள் வெகுநேரம் நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது.

“கூட வேலை பார்த்தவன்” என்றார் ஆகாயக்காரர். கைக்கடிகாரத்தை எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினார். “இது பொண்ணோட அம்மாவுது. குடுத்துடுங்க.”

அடுத்த மாதமே மகளும் மாப்பிள்ளையும் கடல் தாண்டிக் குடிபோய்விட்டார்கள். பெற்ற பெண் கல்யாணத்துக்குக்கூட இறங்கி வராத கல்நெஞ்சன் என்று தெரு இன்றைக்கும் ஏசுகிறது. ஆமாம், அன்றைக்கும் மேலேதான் இருந்தேன் என்று அவரும் ஒத்துக்கொள்கிறார்.