விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

நூறு வயது வீட்டை இடிக்காமல், அதைச் சுற்றிப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் எழுப்பத் தொடங்கினார்கள். வீட்டின் பழைய சுவரில் இருந்த விரிசல்மேல் இன்ஜினியர் ஒரு கண்ணாடித் துண்டைக் குறுக்காக ஒட்டினார்.

"நீ இம்மி அசைஞ்சாலும் நான் உடைஞ்சிடுவேன். அப்புறம் உன்னை இடிச்சுத் தள்ளிடுவாங்க," என்றது கண்ணாடி.

அன்றிலிருந்து சுவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் மெஷின் அதிரும்போதெல்லாம் செங்கற்களை இறுக்கிக்கொண்டது. இன்ஜினியரோ தினமும் வந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போனார்.

கட்டடம் முடிந்து ஆட்கள் குடியேறினார்கள். மாடியில் குழந்தைகள் குதித்து விளையாடினார்கள். ஒருநாள் மத்தியானம் சுவரின் முதுகில் ஏதோ கனமாகச் சாய்ந்தது.

"ஐயோ, நான் அசையலை! புதுச் சுவர்தான் என்மேல சாயுது. அதுல ஒட்டின கண்ணாடி உடைஞ்சிருக்கான்னு பாரேன்!" என்று அலறியது பழைய சுவர்.

கண்ணாடி கேட்டது:

"புதுசுக்கு யாரு கண்ணாடி ஒட்டுவாங்க?"