சுண்டுவிரலுக்கு இடமில்லை

உரிமத்தோடு வந்திருந்த திலகவதியின் கையில், துப்பாக்கிக் கடைக்காரர் இன்னாசி மூன்றாவது ரிவால்வரை வைத்தார். முதல் இரண்டும் அவள் கைப்பைக்குள் போகவில்லை. இது போயிற்று. ஆனால் பிடி குட்டையாக இருந்ததால் சுண்டுவிரல் கீழே தொங்கியது.

“சின்னது பைக்கு நல்லதும்மா, கைக்கு ஆகாது. சுட்டா எகிறும். ரெண்டாவது குண்டுக்குக் குறி நிக்காது.” வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்த குரல்.

“ஒரு குண்டு போதும்.”

“திருடன் தூரத்துல நிப்பானே?”

“திருடன் இல்லண்ணே,” என்றாள் களைப்போடு. “கட்டிலுக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருப்பார்.”

இன்னாசி ரிவால்வரை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். காலியான பிறகும் அவள் கை விரியவில்லை. சுண்டுவிரலும் இப்போது உள்ளே மடங்கியிருந்தது.